புண் கட்டிய படை



புறநானூற்றில் புண்பட்ட வீரனுக்குத் துணையிருப்போர் வீட்டுப் பெண்கள். வேப்பிலை செருகி, ஐயவி என்னும் வெண்கடுகு சிதறிக் காவல் காக்கிறார்கள். களத்திலேயே நின்று புண் கட்டும் மருத்துவர் வேறு வகை மனிதர். அப்படி ஒருவர் லெப்டினன்ட் கர்னல் ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

1941இல் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த முதல் இந்தியப் படைவீரர்கள் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் 152ஆம் பாராசூட் பட்டாலியனின் மருத்துவரான ரங்கராஜ்.

1950இல் கொரியப் போர் மூண்டபோது நேரு சண்டைக்கு ஆள் அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பினார். ரங்கராஜின் தலைமையில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு நவம்பரில் பூசானில் இறங்கியது. பியோங்யாங் போய்ச் சேர்ந்த கையோடு சீனப் படை பாய்ந்து வந்தது. உடனே பின்வாங்கச் சொல்லி உத்தரவு. சாமான்களை ஏற்ற வண்டி இல்லை. போட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கத்தியும் மருந்தும் இல்லாத மருத்துவர் களத்தில் எதற்கு? தேடியதில் ஒரு பழைய நீராவி எஞ்சினும் சில பெட்டிகளும் அகப்பட்டன. வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினார்கள். எஞ்சின் வேலை ஓரளவு தெரிந்த சிப்பாய்களே ஓட்டினார்கள். வழியில் இருந்த ஆற்றுப் பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னால் வண்டி அதைக் கடந்தது.

1951 மார்ச் 23 அன்று முன்சான்னியில் அமெரிக்க வான்குடைப் படையினருடன் ரங்கராஜும் அவருடைய ஆட்களுமாகப் பன்னிரண்டு பேர் குதித்தார்கள். புகைப்படத்துக்கு ஏற்ற வீரம் அது. என்னைக் கேட்டால், அந்த வாளித் தண்ணீருக்குத்தான் முதல் மரியாதை தருவேன். அரசு அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கியது.

பிரிவின் இன்னொரு பகுதி தேகுவில் தங்கி, ஊர்மக்களுக்கும் வைத்தியம் பார்த்தது. 1953இல் போர் ஓய்ந்தபின், சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளைக் காக்கும் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. தன் மண்ணில் இந்தியப் படை கால் வைக்கக் கூடாது என்று தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ பிடிவாதம் பிடித்தார். அதனால் படையினரை ஹெலிகாப்டரில்தான் காவல் பகுதிக்குக் கொண்டு போய் இறக்கினார்கள். இரு தரப்பும் சந்தேகத்தோடு பார்த்த வேலை அது. கைதி எந்தப் பக்கத்தவன் என்று காய்ச்சலுக்குத் தெரியாதே! மருத்துவர்களுக்கு அங்கும் ஓய்வில்லை. 1954இல்தான் பிரிவு ஊர் திரும்பியது.

பட்டாள வாழ்வு முடிந்ததும் ரங்கராஜ் ஓய்ந்து உட்காரவில்லை. உலக சுகாதார அமைப்பின் சார்பில் ஆப்கானிஸ்தானின் மலைக் கிராமங்களில் பெரியம்மை ஒழிப்புக்கு வழிகாட்டினார். 1972இல் அந்த நாட்டில் நோய் அற்றுப்போனது.

இந்த அவையில் மருத்துவ மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். ரங்கராஜின் வாழ்க்கையைத் தமிழில் முழுமையாக எழுத உங்களில் ஒருவர் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.