கைவிட்ட ஓலை



யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பெண்கள் பலருக்கு ஓலை இழைத்தல் ஒரு காலத்திற் பள்ளி வைத்துக் கற்பிக்க வேண்டிய வித்தையாக இருக்கவில்லை. திண்ணையில் ஆச்சி சார்வோலை வார்ந்துகொண்டிருப்பாள். அருகிலிருந்த பேர்த்தியின் விரல்கள் தாமாகவே பழகிவிடும். நீத்துப்பெட்டியும் குட்டானும் கடகமும் இழைக்கும் திறமை இவ்வாறே கைமாறி வந்தது. 1978 இற் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டபின் இத்தொழில் பிழைப்புக்குரியதாகவும் மதிக்கப்பட்டது. ஆயினும் இன்றைய பேச்சு பிழைப்பைப் பற்றியதன்று. உள்ளத்தின் உவகைக்காக இழைத்து, பின் கைவிட்டவர்களைப் பற்றியது.

கச்சேரியொன்றில் எழுதுவினைஞராகவிருக்கும் ஓர் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். பதினாறு வயதிற் சாயமிட்ட ஓலையாற் சிறு பெட்டிகள் இழைப்பதில் ஊரில் அவருக்கு நல்ல பெயர். பின்னர் உத்தியோகம், விவாகம், பிள்ளைகளின் படிப்பு. பாதியில் நின்ற பெட்டியொன்று, ஓய்வு கிடைக்கட்டும் என்று பெட்டகத்தினுட் போயிற்று. ஓய்வு வரவில்லை; இருபது ஆண்டுகளே வந்தன.

ஒரு நாள் அப்பெட்டியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர முயன்றார். முதல் மடிப்பிலேயே ஓலை வெடித்தது. நீர் தெளித்துப் பார்த்தும் அது பழைய பதத்துக்கு மீளவில்லை. கைவிட்ட கலைக்குத் திரும்புவோர் பலர் தடுமாறுவது இவ்விடத்திலேயாகும். விட்ட இடம் அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. அவர் புதிய சார்வோலை வாங்கினார். ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, குழந்தையும் இழைக்கக்கூடிய மிகச் சிறிய பெட்டியொன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் வெட்கப்படாமை பாராட்டத்தக்கது.

நேரத்துக்கு என்ன செய்தார்? ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதற்கே ஒதுக்குவேன் என்று சபதஞ் செய்வோர் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பெரும்பாலும் உறக்கத்திலேயே கழிப்பர். அவர் விடியற்காலையில் அரைமணி நேரத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டார். வெயில் ஏறினால் ஓலை முறுகும். காலைக் குளிர்ச்சியில் அது விரலுக்கு இணங்கும். வார்ந்த ஓலையை முதல் நாள் இரவே ஈரத்துணியிற் சுற்றி வைப்பார். நனைத்து வைத்த ஓலை கிடக்கும்போது எழும்பாமற் படுத்திருக்க மனம் வராது.

அடித்தளம் எளிதாக வந்தது. மூலை திருப்பி மேலெழுப்பும் வகை மட்டும் மறந்துபோயிற்று. அதனை அறிந்தவர் அவருடைய தாயார்; எண்பதைக் கடந்தவர், கண் மங்கியவர். மகள் நீட்டிய பெட்டியை விரலாலே தடவிப் பார்த்து, "இந்த மூலை இளக்கமாய்க் கிடக்குது பிள்ளை, அவிழ்" என்றார். மூன்று முறை அவிழ்த்தாயிற்று. நான்காம் முறை தாயாரின் கை மகளின் கைமேல் இருந்தது. அன்று கச்சேரிக்குச் செல்லச் சிறிது தாமதமாயிற்று.

பெட்டி முடிந்தபோது விளிம்பு ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. தாயார் அதை வாங்கித் தம் வெற்றிலையையும் பாக்கையும் இட்டுக்கொண்டார். மறுநாளிரவு மகள் மீண்டும் ஓலை நனைத்தார்.