எத்தனை வாட் போதும்?



சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு இசை உற்ற துணையாகும். மார்கழிக் கச்சேரிகளைக் கேட்க ஆண்டுதோறும் சென்னை செல்வது எல்லோர்க்கும் இயல்வதன்று. ஆகவே, நல்ல ஸ்பீக்கர்கள் இரண்டும், அவற்றை இயக்க ஓர் ஆம்ப்ளிபயரும் வாங்கி, வீட்டிலேயே கேட்டு மகிழலாம் என்று பலர் எண்ணுகின்றனர். எண்ணம் நல்லதே. ஆனால், கடைவாயிலை மிதித்ததும், "எத்தனை வாட் வேண்டும்?" என்ற கேள்வி எழுகின்றது. அக்கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதற்கண் ஒரு சொல் விளக்கம். தமிழில் 'ஒலிபெருக்கி' என்ற ஒரே சொல்லை இரு கருவிகளுக்கும் வழங்கி வருகின்றோம். மெலிந்த மின் அலையை வலுப்படுத்துவது ஒன்று; அதை ஒலியாக மாற்றுவது மற்றொன்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொற்கள் தரும் தொல்லை புதிதன்று. குழப்பம் நேராதிருக்க, முன்னதை ஆம்ப்ளிபயர் என்றும், பின்னதை ஸ்பீக்கர் என்றும் வழக்கிலுள்ள பெயர்களாலேயே குறிப்போம். ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பகுதியும், ஸ்பீக்கருக்கு ஆற்றல் வழங்கும் பகுதியும் ஒரே பெட்டியில் அமைந்திருப்பின் அது ஒருங்கிணைந்த ஆம்ப்ளிபயர் எனப்படும். இல்லத்திற்கு அதுவே ஏற்றது.

நாம் முதன்முதலில் வாங்கிய ஆம்ப்ளிபயரின் அட்டைப்பெட்டியில், '2000 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதை நம்பினோம். பாட்டு ஓரளவு நன்றாகவே ஒலித்தது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும், மிருதங்கத்தின் ஒலி தகரத்தைத் தட்டினாற்போல் ஆயிற்று. ஒலியை மேலும் கூட்டினோம். சில நாட்களில் ஸ்பீக்கரொன்றின் ட்வீட்டர் கருகிப்போயிற்று. அதன் பிறகே பெட்டியின் பின்புறத் தகட்டைப் படித்துப் பார்த்தோம். சுவரிலுள்ள மின்சாரத்திலிருந்து அது பெறுவது 60 வாட் மட்டுமே எனக் கண்டிருந்தது. வரவு அறுபது உள்ள குடும்பம் இரண்டாயிரம் செலவு செய்வது எங்ஙனம்?

இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் எளியது. அட்டைப்பெட்டியை நம்பற்க, பின்புறத் தகட்டையும் விவரக் குறிப்பையும் படித்தறிக. கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறையும் உச்ச ஆற்றலைச் சிலர் பெரிதாக அச்சிடுகின்றனர். நமக்கு வேண்டுவது தொடர்ந்து வழங்கத்தக்க ஆற்றல். அதைச் சொல்லும்போது, எத்தனை ஓம் மின்மறுப்பில், எந்த அதிர்வெண் முதல் எந்த அதிர்வெண் வரையில், எவ்வளவு ஒலிச்சிதைவுடன் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இவ்வாறு சொல்லியே ஆகவேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974-ஆம் ஆண்டிலேயே விதி வகுத்தது. 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரு பக்கமும் ஒருங்கே இயங்குகையில் 50 வாட், ஒலிச்சிதைவு 0.1 சதவிகிதம் என்று ஒரு குறிப்பு கூறுமாயின் அது பொருளுள்ள கூற்று. 10 சதவிகிதச் சிதைவுடன் 100 வாட் என்பது பெரிய எண்ணே தவிர, நல்ல இசை அன்று.

இனி, எத்தனை வாட் போதும்? இதற்கு விடை கூறவேண்டியது ஆம்ப்ளிபயர் அன்று, ஸ்பீக்கரே. ஒரு வாட் ஆற்றல் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எவ்வளவு ஒலி பிறக்கின்றது என்பதை அதன் உணர்திறன் என்பர். 86 டெசிபெல் உணர்திறனுள்ள ஸ்பீக்கர்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். நாம் மூன்று மீட்டர் தள்ளி அமர்கின்றோம். தொலைவினால் ஒலி குறையும். எனினும் ஸ்பீக்கர்கள் இரண்டாக இருப்பதாலும், சுவர்கள் ஒலியைத் திருப்புவதாலும் ஒரு பங்கு மீளக் கிடைக்கும். ஆக, ஒரு வாட்டில் ஏறத்தாழ 80 டெசிபெல் செவியை வந்தடையும் என்று கொள்ளலாம். இருவர் இயல்பாகப் பேசுவது 60 டெசிபெல் அளவே. கச்சேரியைச் சற்று நிறைவாகவே கேட்க 75 டெசிபெல் தாராளம். அதற்கு வேண்டுவது ஒரு வாட்டில் மூன்றில் ஒரு பங்குதான்!

அவ்வாறாயின் 50 வாட் எதற்கு என்று கேட்கலாம். தம்புரா சீராக ஒலிக்கின்றது. மிருதங்கத்தின் அடியோ திடீரென்று எழுந்து அடங்குகின்றது. அவ்வெழுச்சி சராசரியைவிட 20 டெசிபெல் உயரக்கூடும். 20 டெசிபெல் என்பது நூறு மடங்கு ஆற்றல். மூன்றில் ஒரு வாட் அந்தக் கணத்தில் ஏறத்தாழ 32 வாட் ஆகிவிடுகின்றது. அதைக் கொடுக்க இயலாத ஆம்ப்ளிபயர் அலையின் உச்சியை வெட்டிவிடும். வெட்டுண்ட அலைதான் தகரமாக ஒலிக்கின்றது. ட்வீட்டரைச் சூடேற்றிக் கருக்குவதும் அதுவே. ஆற்றல் மிகுதியால் மட்டுமன்று, ஆற்றல் குறைவாலும் ஸ்பீக்கர் கெடும் என்பதைப் பலர் அறியார்.

இதே கணக்கில், 89 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 16 வாட் போதும். 83 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 64 வாட் தேவை. பிபிசி வானொலியினர் தம் ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் வடிவமைத்த எல்எஸ் 3/5ஏ என்னும் சிறிய ஸ்பீக்கர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இனிமையானது, ஆயினும் ஆற்றலை மிகுதியாக வேண்டுவது. மறுபுறம், 1953-இல் வெளிவந்த குவாட் 2 வால்வு ஆம்ப்ளிபயரின் ஆற்றல் 15 வாட்டே. 1978-இல் வந்த என்ஏடி 3020 என்ற ஒருங்கிணைந்த ஆம்ப்ளிபயர் 20 வாட் எனவே குறிக்கப்பட்டது; உலகெங்கும் எத்தனையோ இல்லங்களில் இசை நிரப்பிற்று.

மற்றொன்றையும் மனத்தில் இருத்துக. 50 வாட்டை 100 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்குச் சிறு வேறுபாடு. ஒலி இருமடங்காகத் தோன்ற ஆற்றல் ஏறத்தாழ பத்து மடங்கு வேண்டும். எனவே 60 வாட்டுக்கும் 80 வாட்டுக்கும் இடையே உள்ள விலையை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

வாங்குமுன் வேறு இரண்டு செய்திகளையும் பார்த்தல் வேண்டும். ஸ்பீக்கர் 4 ஓம் எனில், அது மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். 4 ஓமைத் தாங்கும் என்று ஆம்ப்ளிபயரின் குறிப்பில் இருக்கவேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்புடன் கொண்டுவந்த கருவியாயின், அது 120 வோல்ட்டுக்கு உரியதா என்று பார்க்கவேண்டும். நம் நாட்டின் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருவி பாழாகும்.

கடைசியாக, அண்டை வீட்டாரை மறக்கலாகாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல் என்றும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்றும் வரம்பு கட்டுகின்றன. நம் மொழி அறியாதவர் சூழ வாழும் நாம், நம் இசையை அவர்கள் வெறுக்கச் செய்தல் தகாது.

எனவே, ஸ்பீக்கரை முதலில் தேர்ந்தெடுங்கள். அறையை அளந்து பாருங்கள். பின்னர் உண்மையான 40, 50 வாட் தரும் ஆம்ப்ளிபயரைத் தேடுங்கள். சாதாரண அடுக்ககக் கூடத்திற்குப் பெரும்பாலும் அதுவே போதும். அன்று கருகிய ட்வீட்டரை மாற்றிய பின், நம் வீட்டில் இருப்பதும் 50 வாட்தான். தனி ஆவர்த்தனம் இப்போது மிருதங்கமாகவே கேட்கின்றது.