தையல் இயந்திரமும் அதன் பாதங்களும்



நம் ஊர்களில் தையல் இயந்திரம் பெற்ற மகளிர் பலர் உளர். எனினும் அவர்களுள் சிலர் கிழிசல் தைப்பதோடு நின்றுவிடுகின்றனர். பைப்பிங் வைத்த ரவிக்கையும் ஜிப் வைத்த பையும் தைக்கும் வேலை நகரத்துக்குப் போய்விடுகிறது. கூலியும் உடன் போகிறது. இந்நிலையை மாற்ற உதவும் சிறு சாதனம் ஒன்று உண்டு.

அதுவே தையற்காரர் 'பிரஷர் புட்' என்று கூறும் அழுத்துப் பாதம். ஊசியின் கீழே துணியை அழுத்திப் பிடிப்பது அது. வேலைக்கேற்ப அதனை மாற்றிக்கொள்ளலாம். ஜிப் பாதம் குறுகலானது. ஆதலின் ஜிப்பின் பற்களை ஒட்டியே தையல் விழும். சுருள் அமைந்த பாதம் துணியின் ஓரத்தை இரு மடிப்பாகத் தானே மடித்துக் கொடுக்கும். அடியில் பள்ளமுள்ள பாதம் பைப்பிங் கயிறு நழுவாமல் காக்கும்.

பாதம் பொருத்தும் தண்டின் உயரம் எல்லா இயந்திரங்களுக்கும் ஒன்றன்று. ஆகவே பழைய பாதத்தைக் கடைக்கு எடுத்துச் செல்லுதல் நன்று. நேர்த்தையல் மட்டும் போடும் இயந்திரத்தில் ஜிக்ஜாக் பாதத்தால் பயனில்லை. புதிய பாதத்தைப் பொருத்தியதும் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, ஊசி அதில் இடிக்கவில்லை என்று கண்ட பின்னரே மிதிக்க வேண்டும்; இன்றேல் ஊசி முறியும்.

இயந்திரம் வழங்கியதோடு நம் கடமை முடிந்ததென்று கருதலாகாது. இம்மூன்று பாதங்களையும் உடன் அளித்து, பயிற்சிக்கும் ஏற்பாடு செய்வோமாக. ஊரார் துணிக்குரிய கூலி ஊரிலேயே தங்கட்டும்!