ஆறு குழந்தைகள் படிக்கும் பள்ளியை எப்படி அளப்பது?

(கொல்லிமலை, செம்மேட்டில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்தவர்களுக்கு இன்னும் தலை சுற்றிக்கொண்டிருக்கும். மலையிலேயே வேலை பார்க்கும் நண்பர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதும் தெரிகிறது. கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள், பேசுவோம்.

சிறிய அரசு சிறப்புத் தொடக்கப் பள்ளியை மதிப்பிடுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அது தனிச் சிறப்புப் பள்ளியாக இருக்கலாம், ஒன்றியப் பள்ளி வளாகத்தில் ஒரே அறையில் நடக்கும் ஆயத்தப் பயிற்சி மையமாகவும் இருக்கலாம். சிக்கல் ஒன்றுதான். அங்கே குழந்தைகள் ஆறு பேர், ஏழு பேர். நம் கையில் இருக்கும் படிவங்களோ நூற்றுக்கணக்கானவர்கள் படிக்கும் பள்ளியை மனத்தில் வைத்துச் செய்தவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு பேரில் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்து ஒரு வாரம் வரவில்லை. அந்த வார வருகை 83 சதவீதம். மழையில் இன்னொரு குழந்தையும் நின்றுவிட்டால் 67. அறுநூறு பேர் படிக்கும் பள்ளியில் இரண்டு பேர் வராதது சதவீதத்தில் தெரியவே தெரியாது. இங்கே அதே இரண்டு பேர் பள்ளியையே மோசமான பள்ளி ஆக்கிவிடுகிறார்கள். அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்: பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் சதவீதம் எழுதாதீர்கள். பெயர் எழுதுங்கள். இன்னார் வரவில்லை, காரணம் இது, நாங்கள் செய்தது இது. படிக்கும் அதிகாரிக்கும் அதுதான் புரியும்.

அடுத்து, கற்றல். இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல கருவி ஒன்று இருக்கிறது. 1975இல் சென்னையில் ஜெயச்சந்திரன், விமலா இருவரும் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக உருவாக்கிய மதிப்பீட்டுப் பட்டியல் அது. மெட்ராஸ் என்ற ஊர்ப் பெயரோடுதான் நாடு முழுவதும் அறியப்படுகிறது. 18 பகுதிகள், பகுதிக்கு 20 வரிகள், ஆக மொத்தம் 360. நடப்பது, சாப்பிடுவது, உடுத்துவது, கழிவறை பழகுவது, சொல்வதைப் புரிந்துகொள்வது, எண், நேரம், பணம், வீட்டு வேலை என்று போகும். எனக்கு அதில் பிடித்தது, ஒவ்வொரு வரியும் குழந்தை செய்வதைப் பற்றியே எழுதப்பட்டிருப்பது. செய்கிறதா, இன்னும் செய்யவில்லையா, அவ்வளவுதான் கேள்வி. செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனத்தின் பட்டியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தானே செய்கிறதா, எப்போதாவது குறிப்புக் காட்டினால் செய்கிறதா, வாயால் சொன்னால் செய்கிறதா, கையைப் பிடித்து உதவினால் செய்கிறதா, முழுக்க நம்மையே சார்ந்திருக்கிறதா என்று பிரித்துக் கேட்கும்.

இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம்? ஜூன் மாதம் கையைப் பிடித்து ஊட்டினால் சாப்பிட்ட குழந்தை, டிசம்பரில் "எடுத்துச் சாப்பிடு" என்று சொன்னால் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சாப்பிடத் தெரியுமா' என்ற கேள்விக்கு இரண்டு முறையும் 'முழுதாகத் தெரியாது' என்றே எழுதியிருப்போம். அந்த ஆறு மாத உழைப்பு காகிதத்தில் வராது. அம்மாவுக்குக் காலையில் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும், அதுவும் வராது.

இங்கிலாந்திலும் இதே சிக்கல் வந்தது. தேசியப் பாடத்திட்டத்தைத் தொட முடியாத குழந்தைகளுக்கு எட்டுப் படிகள் கொண்ட ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள். எல்லாக் குழந்தைகளும் ஒரே ஏணியில் ஏறுவதில்லை என்பது தெரிந்தது. 2016இல் ராச்ஃபோர்டு குழு அதைக் கைவிடப் பரிந்துரைத்தது. கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இப்போது ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: ஆராய்தல், உணர்தல், எதிர்பார்த்தல், விடாமல் முயலுதல், தானே தொடங்குதல். இதற்குப் பணமோ கருவியோ வேண்டாம். பேருந்து ஹாரன் கேட்டதும் ஒரு குழந்தை தன் பையைத் திரும்பிப் பார்க்கிறது என்றால் அது எதிர்பார்க்கிறது. தேதி போட்டு ஒரு வரி எழுதிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. எந்தப் பட்டியலாக இருந்தாலும் அதில் உள்ள பொருள்களைப் பாருங்கள். ரயில் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்கிறோம். இந்த மலையில் ரயில் ஏது? ரயிலைப் பார்க்காத பிள்ளை பேசாமல் இருந்தால் அதை மொழிக் குறைபாடு என்று எழுதிவிடக் கூடாது. நிறம் பிரிக்கப் பிளாஸ்டிக் மணிதான் வேண்டுமென்பதில்லை. பழுத்த காப்பிப் பழம் சிவப்பு, பழுக்காதது பச்சை. பலாச்சுளை, அன்னாசி, சாமை எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. மலையாளி மக்கள் வீட்டில் பேசும் தமிழிலும் தனிச் சொற்கள் உண்டு. பாட்டியையோ அக்காவையோ பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள், ஊமை என்று நாம் நினைத்த பிள்ளை பேசும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட பள்ளி நன்றாக நடந்தால் அதன் சேர்க்கை என்ன ஆகும்? ஒரு பிள்ளை கழிவறை பழகி, பெயர் சொன்னால் திரும்பி, பத்து நிமிடம் உட்காரக் கற்றதும் அதை ஊர்ப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் பதிவேட்டில் ஏழு ஆறாகும், ஆறு ஐந்தாகும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்குப் பள்ளி தேய்வதாகத் தோன்றும், மூடிவிடலாம், வேறு இடத்தோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சு வரும். அந்தப் பயத்தில் ஆசிரியர் தேறிய பிள்ளையையும் விடாமல் வைத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். குறை படிவத்தில் இருக்கிறது. 'இந்த ஆண்டு ஊர்ப் பள்ளிக்கு அனுப்பியவர்கள்' என்று ஒரு கட்டமும், 'அவர்களில் இன்றும் அங்கே படிப்பவர்கள்' என்று பக்கத்தில் இன்னொரு கட்டமும் வேண்டும்.

அந்த இரண்டாவது கட்டம் உங்களுடையது, பொதுப் பள்ளி ஆசிரியர்களே. அனுப்பிய பிள்ளை மூன்றாம் மாதம் வீட்டில் இருந்தால், சிறப்புப் பள்ளியை மட்டும் மதிப்பிட்டு என்ன பயன்? எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே அறையில் மூன்று நிலைகளைக் கையாளுகிறீர்கள். நான்காவதாக ஒரு பிள்ளைக்கு இடம் செய்வது உங்களுக்குப் புதிதல்ல.

வராத பிள்ளைகளைப் பற்றியும் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு. கடுமையான குறைபாடு என்றால் வீட்டிலிருந்தே கற்கும் வாய்ப்பைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் தருகிறது. (அந்த 40 என்பது மருத்துவச் சான்றிதழின் எண். படிப்பில் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.)

தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்பது 2022இல் மத்திய அரசு அறிவித்த விகிதம். சமவெளியில் அந்தப் பத்துப் பேரும் ஒரே பேருந்துத் தடத்தில் இருக்கலாம். இங்கே வளவந்திநாடு, சேளூர்நாடு, குண்டூர்நாடு என்று 14 ஊராட்சிகளில் சிதறி இருப்பார்கள். ஒரு வீட்டுக்குப் போய் வரவே பாதி நாள் போய்விடும். ஆகவே மையத்தில் எத்தனை பேர் என்பதோடு, எந்தெந்த ஊருக்கு இன்னும் யாரும் போகவில்லை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள அம்மாக்களைக் கேட்டால், எந்த வீட்டில் பிள்ளை கதவுக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

உங்கள் முன்னால் ஒரு வெற்றுத்தாள் வைத்திருக்கிறோம். உங்கள் வகுப்பில் நீங்கள் கவலைப்படும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய தேதியைப் போட்டு, அந்தப் பிள்ளை தானாகச் செய்யும் ஐந்து காரியங்களை எழுதுங்கள். 'இயலாது', 'தெரியாது' என்ற சொற்கள் வேண்டாம். ஐந்து வரவில்லை என்றால் மூன்று போதும். சாப்பாட்டுக்குப் பிறகு அதை வைத்துக்கொண்டு பேசலாம்.