வெறுங்காலில் கிரிவலம்: பாதம் சொல்வதைக் கேட்போம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பௌர்ணமி வந்தால் நம் குடியிருப்பில் இரண்டு விஷயங்கள் நிச்சயம். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மறுநாள் காலையில் ஏதாவது ஒரு வீட்டில், ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொப்புளத்தோடு காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். "அண்ணாமலையார் கொடுத்தது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். பெரும்பாலும் அது அண்ணாமலையார் கொடுத்தது இல்லை, தார்ச்சாலை கொடுத்தது.

நமக்கு மலையே சிவம். அதனால்தான் இந்த 14 கிலோமீட்டரும் செருப்பில்லாமல் நடக்கிறோம். அந்த வழக்கத்தை விடச் சொல்ல நான் வரவில்லை. யார் வெறுங்காலில் நடக்கலாம், யார் நடக்கவே கூடாது, நடப்பவர் எப்படித் தயாராக வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 20,000 அடி எடுத்து வைக்கிறோம். ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் இருக்கின்றன. வருடம் முழுக்க டைல்ஸ் தரையிலும் செருப்பிலும் பழகிய பாதத்துக்கு ஒரே இரவில் 20,000 அடி என்பது பெரிய வேலை. உள்ளங்கால் தோல் தடிக்க வாரக்கணக்கில் ஆகும். தோல் தடித்தால் உணர்வு மழுங்கிவிடுமோ என்று சிலர் கேட்பதுண்டு. கென்யாவில் வெறுங்காலில் நடப்பவர்களையும் செருப்பு அணிபவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019இல் 'நேச்சர்' இதழில் வந்தது. தடித்த தோலிலும் தரையை உணரும் திறன் குறையவில்லை என்று அது காட்டியது. பழகிய பாதம் காவலும் காக்கும், சேதியும் சொல்லும்.

ஆனால் அந்தச் சேதி வராத பாதங்கள் இருக்கின்றன. நான் முக்கியமாகப் பேச வந்தது அவற்றைப் பற்றித்தான்.

நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தின் நரம்புகள் மெல்லச் செயலிழக்கின்றன. கண்ணாடித் துண்டு குத்தினாலும் தெரியாது. தார் சுட்டாலும் தெரியாது. "எனக்கு ஒன்றுமே வலிக்கவில்லை, 14 கிலோமீட்டரும் நடந்துவிட்டேன்" என்று நம் வீட்டுப் பெரியவர் பெருமையாகச் சொன்னால், நாம் கவலைப்பட வேண்டிய நேரம் அது. கவனிக்காத சிறு கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் விரலையோ காலையோ எடுக்கும் நிலை வரைக்கும் போகலாம்.

இதை வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. 'இப்ஸ்விச் தொடு சோதனை' என்று பெயர். பெரியவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ, தட்டவோ, கூச்சம் காட்டவோ கூடாது. தொடும்போது வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். மொத்தம் 6 இடங்கள். இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், வெறுங்கால் கிரிவலம் அவருக்கு வேண்டாம். மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். எல்லாம் தெரிந்தாலும், சர்க்கரை உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் செருப்பைக் கழற்ற வேண்டாம். ஆறாத புண், ஆழமான பித்தவெடிப்பு, ஏற்கெனவே பாதத்தில் புண் வந்து ஆறிய வரலாறு உள்ளவர்களுக்கும் இதே பதில்தான்.

பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். "சாமி குத்தம்" என்பார்கள். அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: சன்னதிக்குள் போகும்போதுதான் செருப்பைக் கழற்றியாக வேண்டும். இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு இடங்களிலும் வெளியில் நின்றே கும்பிடலாம். மெத்தென்ற அடிப்பாகமும் பின்பக்கப் பட்டையும் உள்ள செருப்போடு, வருடத்துக்குப் பன்னிரண்டு பௌர்ணமியும் சுற்றட்டும். ஒரே ஒரு முறை வெறுங்காலில் போய், அதற்குப் பிறகு நடக்கவே முடியாமல் போவதைவிட அது மேல்.

நடக்கக்கூடியவர்கள் எப்படித் தயாராவது? இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். காலை 7 மணிக்குள் நம் மொட்டை மாடியில் 10 நிமிடம் நடந்து, வாரா வாரம் 5 நிமிடம் கூட்டுங்கள். பிறகு மண் தரை. அடுத்து, ரமணாஸ்ரமத்தின் பின்புறமிருந்து ஸ்கந்தாஸ்ரமம் போகும் கல் பாவிய மலைப்பாதை. ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை தங்கியிருந்த இடம் அது. ஏற்ற இறக்கத்தில் எங்கே காலை வைப்பது என்று அந்தக் கற்களே சொல்லித்தரும். மலையின் மற்ற பகுதிகள் காப்புக்காடு. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போகாதீர்கள். முள்ளும் உண்டு, பாம்பும் உண்டு.

நடக்கும்போது அடியைச் சின்னதாக வையுங்கள். குதிகாலை ஓங்கி ஊன்றாதீர்கள். இரண்டு மூன்று அடி முன்னால் பார்த்து நடங்கள். செல்போன் பையிலேயே இருக்கட்டும். கிளம்பும் முன் புறங்கையைச் சாலையில் 5 விநாடி வைத்துப் பாருங்கள். கை தாங்காத சூட்டைக் காலும் தாங்காது. சித்ரா பௌர்ணமி சமயத்தில் சூரியன் மறைந்து வெகுநேரம் கழித்தும் தார் சூட்டை விடாது. வெயிலில் மாட்டிக்கொண்டால் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் நடங்கள், சூடு குறைவாக இருக்கும். எத்தனை அனுபவசாலியானாலும் ஒரு துணிப்பையில் செருப்பை எடுத்துப் போங்கள். பாதியில் போட்டுக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

வீடு திரும்பியதும் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடையுங்கள். உள்ளங்காலை செல்போனில் படம் எடுத்துப் பாருங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முள்ளை ஊக்கால் தோண்டாதீர்கள். துரு ஆணியோ கண்ணாடியோ குத்தியிருந்தால், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போய் டிடி ஊசி தேவையா என்று கேளுங்கள்.

கடைசியாக, நாம் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டிய ஒன்று. பௌர்ணமிதோறும் நம்மில் பலர் பாதையில் அன்னதானம் செய்கிறோம். நாம் கொடுக்கும் தையல் இலையில் இருக்கும் ஈர்க்குச்சி, அடுத்து வருபவர் காலில் குத்துகிறது. சிதறு தேங்காயின் ஓடு கிழிக்கிறது. சாலையில் ஏற்றும் கற்பூரம் சுடுகிறது. அடுத்த பௌர்ணமி முதல், நம் அன்னதானம் நடக்கும் இடத்தில் இரண்டு குப்பைத் தொட்டிகள் வைப்போம். விநியோகம் முடிந்ததும் இருபுறமும் 100 அடி தூரம் கூட்டிவிட்டுக் கிளம்புவோம். இதற்குப் பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுக்கலாம். துடைப்பம் நம் கிடங்கிலேயே இருக்கிறது.

பின்னால் வருபவரின் காலுக்கு வழி செய்து கொடுப்பதும் மலையைச் சுற்றுவதில் சேர்ந்ததுதான்.