பல்லின் வேர்ச் சிகிச்சை
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



பல்வலி என்று சொன்னமாத்திரத்தில், "பிடுங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று கூறுதல் நம்மவரிடை வழக்கமாயிருக்கிறது. பிடுங்கத்தக்க பற்களும் உண்டு. ஆயினும் காக்கத்தக்க கடைவாய்ப்பல்லை அச்சத்தினாலேயே இழப்போர் அநேகர். ஒரு பல் போன இடத்தில் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் நீண்டு இறங்கும், மெல்லுதல் கெடும்.

பல்லைப் புழு அரிக்கின்றதென்பது பழைய நம்பிக்கை. கண்டங்கத்திரி விதையின் புகையை வாயிற் பிடித்தால் புழு உதிருமென்று நம் பாட்டிமார் நம்பினர். இஃது நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியரும் அவ்வாறே எண்ணியிருந்தனர். பிரெஞ்சு தேசத்துத் தந்த வைத்தியர் பியேர் ஃபொஷார் 1728-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் அதனை மறுத்தார். உண்மையில், வாயிலுள்ள நுண்கிருமிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்க, அவ்வமிலமே பல்லைக் குடைகின்றது. குடைவு பல்லின் நடுவிலுள்ள நரம்பும் இரத்தக் குழாயும் பொருந்திய மெல்லிய சதையை எட்டினால், அது வீங்குதற்கு இடமின்றி உள்ளேயே நெருக்குண்டு இரவெல்லாம் வலிக்கும். பின்னர் அச்சதை மடியும், வலியும் நிற்கும். "குணமாயிற்று" என்று மகிழ்கிறோம்! அப்பொழுதே வேரின் நுனியில் சீழ் சேரத் தொடங்குகின்றது. மாத்திரை வலியை மறைக்குமேயன்றி, பல்லினுள் தங்கிய கிருமியை வெளியேற்றாது.

இனிச் சிகிச்சையைக் கூறுவோம். முதலில் எக்ஸ்ரே படம் எடுப்பர். நீரிழிவு, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்து, ஒவ்வாமை முதலியவற்றை அப்பொழுதே வைத்தியரிடம் சொல்லிவிடல் வேண்டும். பிறகு ஈறில் மரப்பூசி போடுவர். குத்துங்கால் சுருக்கென்னும், சிறிது நேரத்தில் உதடு மரத்துவிடும். வீக்கம் மிக்க பல்லில் மருந்து முற்றும் பிடியாமையும் உண்டு. வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுத்தல் வீரமன்று. கையை உயர்த்தினால் மீண்டும் மருந்திடுவர். பின் பல்லைச் சுற்றி ரப்பர்த் திரையிட்டு, துளையிட்டு, மெல்லிய அரங்களால் கால்வாய்களைத் துலக்கி, கிருமிநாசினி நீரால் கழுவுவர். அதிர்வும், மருந்தின் நெடியும், நெடுநேரம் வாய் திறந்திருக்கும் அலுப்பும் உணரப்படும். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே கால்வாய். மேற்கடைவாய்ப்பல்லுக்கு மூன்று அல்லது நான்கு. ஆகையால் சிலருக்கு ஒரே நாளில் முடியும். சிலர் இரண்டு மூன்று முறை வரவேண்டும். இறுதியில் கட்டாபெர்ச்சா என்னும் மலேயா மரப்பாலால் கால்வாயை அடைப்பர். முற்காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட்டதும் இப்பொருளே என்பது கேட்க வியப்பாயிருக்கும்.

மரப்பு நீங்கும்வரை ஒன்றும் மெல்லலாகாது. கன்னத்தைக் கடித்துக்கொள்ள நேரும். இரண்டு மூன்று நாள் கடிக்கும்பொழுது நோவு இருத்தல் இயல்பு. முகம் வீங்கினாலும், சுரம் கண்டாலும் உடனே திரும்பிச் செல்க. விழுங்கவோ மூச்சுவிடவோ தடையுண்டாயின் ஒரு நாழிகையும் தாமதியாது பெரிய ஆஸ்பத்திரிக்கே செல்லல் வேண்டும். எல்லாப் பல்லும் இச்சிகிச்சையால் பிழைக்குமென்று யாரும் உறுதி கூறார். சில மறுபடியும் சீழ் கொள்வதுண்டு.

செலவைக் கருதிப் பின்னிடுவோர்க்கு, நமது புதுச்சேரியிலேயே கோரிமேட்டில் அரசாங்கத்தாரின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. கற்பிக்கும் நிலையமாதலின் சற்றுக் காத்திருக்க நேரும். காலையிலேயே ஆகாரம் உண்டு புறப்படுக. வேரை அடைத்தபின் கடைவாய்ப்பல்லுக்கு உறை போடாமல் விட்டுவிடுவோரும் நம்மில் உளர். குடைந்த பல் முறுக்குக் கடிக்கையில் பிளந்துபோம். ஆதலின் உறைக்குரிய நாளையும் அன்றே கேட்டுக் குறித்து வருக.