கூடப் போய் நில்லுங்கள்



இன்று பட்டம் பெறும் பிள்ளைகளின் பெற்றோர்களிடம் முதலில் பேசிவிடுகிறேன். இன்றைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போயிருந்தால் ஒருநாள் சம்பளம் கைக்கு வந்திருக்கும். அதை விட்டுவிட்டு சேரம்பாடி, கொளப்பள்ளி, கோத்தகிரி என்று எங்கெங்கோ இருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறீர்கள். நான் உங்கள் பிள்ளைகளிடம் பேசப்போவது உங்கள் கதையைத்தான். அவர்களில் பலருக்கு அது முழுதாகத் தெரியாது. "தாத்தா சிலோன்ல இருந்து வந்தாரு" என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. பட்ட கஷ்டத்தைப் பிள்ளையிடம் சொல்வானேன் என்று நீங்களும் விட்டிருப்பீர்கள்.

பிள்ளைகளே, உங்கள் முன்னோர் இரண்டு தடவை கடல் தாண்டியவர்கள். 1820-களில் தொடங்கி, திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து பஞ்சம் பிழைக்க இலங்கைக்குப் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். முதலில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலை. 2023-ல் அவர்களுடைய வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே பாதையில் நடந்து, இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தார்கள்.

அத்தனை தலைமுறை அங்கே வேர்வை சிந்தியும், இலங்கை விடுதலை அடைந்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம் ஒன்று வந்து அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரைப் பற்றிக் கையெழுத்துப் போட்டார்களோ, அந்த மக்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு இலங்கைக் குடியுரிமையும் தங்கைக்கு இந்தியக் குடியுரிமையும் கிடைத்த வீடுகள் உண்டு. இலங்கை மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் "அழுகைக் கோச்சி". வழியனுப்ப வந்தவர்களும் வண்டியில் இருந்தவர்களும் அழுத அழுகையால் வந்த பெயர்.

அங்கிருந்து கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். முகாமில் பேரைப் பதிந்து, இன்னின்ன ஊருக்குப் போ என்று சீட்டுக் கொடுத்தார்கள். நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழக அரசு 1968-ல் இந்த நீலகிரி மலையில் தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டான்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. குன்னூர், கோத்தகிரி, பாண்டியார், நெல்லியாளம், சேரங்கோடு என்று நீங்கள் பஸ் ஜன்னலில் பார்க்கும் அரசுத் தோட்டங்களில் பெரும்பகுதி அவர்கள் நட்டு வளர்த்தது. 1977, 1983 இலங்கை இனக்கலவரங்களுக்குப் பிறகு வந்தவர்கள் தோட்டத்திலும் இடம் கிடைக்காமல், கூடலூர்ப் பக்கம் கிடைத்த இடத்தில் குடிசை போட்டார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேயிலை நட்ட மண் வெறும் மண்ணாகக் கிடக்கவில்லை. அது காடு. பணியரும் காட்டுநாயக்கரும் முள்ளுக்குறும்பரும் வாழ்ந்த காடு, யானை நடந்த காடு. நாடற்றவனுக்கு அரசு இடம் கொடுத்தபோது, இருந்தவன் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போக வேண்டியிருந்தது. வந்தவர் துயரத்தைப் பேசும் யாரும் இதை மறக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பணிக்காலம் முழுவதும் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பள்ளிகளில் பாடம் நடத்தியவள் நான். ஒரு மாணவியின் அம்மா ஒருநாள் பாலிதீன் பையில் சுற்றிய ஒரு பொருளை என் மேசையில் வைத்தார். கண்டியில் இருந்த இந்திய அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை. உள்ளே கறுப்பு வெள்ளைப் படம்: அப்பா, அம்மா, உயரத்துக்கேற்ப வரிசையாக நான்கு பிள்ளைகள். கடைசிப் பிள்ளையின் முகத்தைப் பூச்சி அரித்துவிட்டது. அந்தக் கடைசிப் பிள்ளைதான் என் எதிரில் நின்ற அம்மா. அட்டையில் ஆங்கிலத்தில் எழுதிய அவர் பெயரில் ஓர் எழுத்துப் பிசகு. ரேஷன் கார்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர். சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில், "இது நீங்கதான்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எத்தனையோ தடவை நடந்தார். ஒவ்வொரு நடைக்கும் ஒருநாள் சம்பளம் போனது. மகள் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாவுக்கு அப்போது அரிசியோ சேலையோ தேவைப்படவில்லை. மனுவைச் சரியாக எழுதி, எந்த ஜெராக்ஸை எதோடு இணைக்க வேண்டும் என்று தெரிந்து, அந்த அலுவலக வாசலில் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தனியாகப் போனால் "அப்புறம் வாம்மா" என்பவர், படித்த பிள்ளை ஒன்று கூட நின்றால் உட்காரச் சொல்கிறார். இப்படி இருக்கக் கூடாதுதான். ஆனால் இருக்கிறது.

காகிதம் இல்லாததன் துன்பத்தை லேசாக எண்ணாதீர்கள். ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு உரியவர்களாக இருந்தும், கலவரத்துக்கு அஞ்சிப் படகேறி வந்த ஒரே காரணத்தால் அகதிகளாகப் பதிவான மலையகக் குடும்பங்கள் தமிழ்நாட்டு முகாம்களில் உண்டு. அப்படிப்பட்ட 65 பேர் தொடுத்த வழக்கில் 2019-ல்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அவர்களுடைய குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. இங்கே கூடலூரில், 1969-ம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கிய நிலங்களில் வீடு கட்டியவர்கள் பட்டா இல்லாமல், பட்டா இல்லாததால் மின் இணைப்பு இல்லாமல் காலம் தள்ளினார்கள். மண்ணெண்ணெய் விளக்கில் படித்து முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை நான் அறிவேன். டான்டீ தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளிலும் அச்சம் தீரவில்லை. கழகத்தின் நிலத்தில் பெரும்பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர 2022-ல் அரசு முடிவெடுத்தபோது, ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "இனி நாங்க எங்க போறது?"

சரி, இன்றைக்கு அந்த லைன் வீடுகளில் புதிதாகக் குடிவந்திருப்பவர்கள் யார்? ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்கள். உங்களைப் படிக்க வைத்த அம்மாக்கள் உங்களைத் தோட்டத்துக்கு அனுப்ப மாட்டார்கள், அது நியாயம். அந்தக் கூடைகளை இப்போது அவர்கள் சுமக்கிறார்கள். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் அறுத்துக் கழுவுகிறவர்களிலும், ஊட்டி ஓட்டல் அடுப்படிகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் "இந்திக்காரங்க" என்கிறோம். அவர்களில் பலருக்கு இந்தியும் வீட்டுமொழி அல்ல. சந்தாலியோ முண்டாரியோ குடுக்கோ சாத்ரியோ பேசுகிற ஆதிவாசி மக்கள் அவர்கள்.

கடையிலும் பஸ்ஸிலும் அவர்களைப் பற்றிப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். கூலியைக் குறைத்துவிட்டார்கள், அழுக்கு, திருட்டு, கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். இதே வார்த்தைகளைத்தான் "சிலோன்காரங்க" என்று சொல்லி உங்கள் தாத்தா பாட்டியின் முதுகுக்குப் பின்னால் இந்த ஊர் பேசியது. கூலியைக் குறைப்பவர் தொழிலாளி அல்ல, கொடுக்கிறவர். இவ்வளவு படித்த உங்களுக்கு இது தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தால், அந்தப் பேச்சு உங்கள் சம்மதத்தோடு நடப்பதாகத்தான் பொருள். 2023 மார்ச் மாதம் தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பயந்துபோய் ரயிலேறியவர்கள் உண்டு. பொய் செல்போனில்தான் பரவியது. அவர்கள் மொழியில் நாலு வார்த்தை தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவர் இருந்திருந்தால், அந்தப் பயம் அந்த வீட்டு வாசலோடு நின்றிருக்கும்.

தானம் என்றால் இளைஞர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறேன். மனம் நல்ல மனம்தான். பிறந்த நாளைக்குச் சாப்பாடு போடுகிறார்கள், ரத்தம் கொடுக்கிறார்கள், 2015 சென்னை வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள், 2024-ல் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தபோது மலை தாண்டி ஓடினார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் கம்பளி கொடுக்கும்போது வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுத்துப் போடுகிற பழக்கத்தை நான் வெறுக்கிறேன். வாங்குகிற கைக்கும் மானம் உண்டு. அந்தக் குழந்தை நாளை உங்களைப் போல மேடை ஏறிப் பட்டம் வாங்கும். அன்றைக்கு அந்தப் படம் அதன் கண்ணில் படக் கூடாது.

இந்த மலையிலேயே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி அதிபராக இருந்து மலையகத்தில் ஒரு தலைமுறையையே தலைநிமிர வைத்த இர. சிவலிங்கம், இந்தியா வந்தபின் தன் படிப்பையும் பேச்சையும் இங்கே தாயகம் திரும்பிய மக்களின் உரிமைக்காகச் செலவிட்டார். கூடலூரில் இளம் மருத்துவர்கள் சிலர் வந்து தங்கி, ஊர் ஊராக ஆதிவாசிப் பெண்களுக்கு நலப்பணிப் பயிற்சி கொடுத்தார்கள். 1990-ல் அஸ்வினி ஆதிவாசி மருத்துவமனை எழுந்தது. அங்கே போனால் ஊசி போடும் செவிலியர் ஓர் ஆதிவாசிப் பெண்ணாக இருப்பார். உதவி வாங்கியவரே அந்த இடத்தை நடத்துகிறவராக மாறும்வரை கூட இருந்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உங்களால் வேலையை விட்டுவிட்டு அப்படி வர முடியாது. வீட்டில் கடன் இருக்கும், தம்பி தங்கை படிப்பு இருக்கும். நான் அதைக் கேட்கவில்லை. உங்களிடம் இன்று இருப்பதைக் கேட்கிறேன்: எழுத்தும் சட்டமும் செல்போனும்.

ஜார்க்கண்டில் ரேஷன் கார்டு உள்ள குடும்பம், அந்தக் கார்டை வைத்தே கைரேகை பதித்து இங்குள்ள ரேஷன் கடையில் தானியம் வாங்கலாம். அதற்கான நாடளாவிய திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. எத்தனை லைன்களில் இது தெரியும்? அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு 2021-லிருந்து நடக்கிறது. தோட்டத் தொழிலாளிக்குக் குடியிருப்பும் மருத்துவமும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவமும் தர வேண்டும் என்று 1951-லேயே சட்டம் போட்டார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கு அதெல்லாம் உண்டா என்று கேட்க ஆள் வேண்டும். சம்பளக் கணக்கில் எத்தனை கிலோ எழுதியிருக்கிறது, எவ்வளவு பிடித்திருக்கிறது என்று மாதம் ஒருமுறை படித்துச் சொல்வதற்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

வெளியூர் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் போய் வாடகைக்கு வீடு தேடும்போது, எந்த ஊர், என்ன ஆளுங்க என்ற கேள்வி உங்கள் முகத்துக்கு நேராக வரும். அப்போது கோபம் வந்தால், அந்தக் கோபத்தோடு இங்கே ஊட்டியில் வீடு தேடி அலையும் ஒடிசாக்காரரையும் சேர்த்து நினையுங்கள். முதல் சம்பளத்தில் ஒரு சிறு தொகையை மாதாமாதம் ஒதுக்கி, நீங்கள் படித்த எஸ்டேட் பள்ளியின் ஒரு பிள்ளைக்குப் பஸ் காசாகக் கொடுங்கள். ஒரே தடவையில் பெரிய தொகை கொடுத்து மறந்துவிடுவதைவிட இது அந்தப் பிள்ளையைப் பத்தாம் வகுப்பு வரை இழுத்துச் செல்லும். பஸ் காசு இல்லாமல் நின்றுபோன படிப்பு இந்தத் தாலுக்காக்களில் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னும் ஒரு வேலை, இதற்குக் காசும் வேண்டாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும். உங்கள் லைனிலோ தெருவிலோ புதிதாக வந்த குடும்பத்தில், தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் எட்டு வயதுப் பெண் ஒருத்தி இருப்பாள். டிசி இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று அவள் அப்பா பள்ளிப்பக்கமே போயிருக்க மாட்டார். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அந்த இரண்டும் இல்லை என்பதற்காக எந்தப் பள்ளியும் அவளைச் சேர்க்க மறுக்க முடியாது. அவள் வயதுக்கு உரிய வகுப்பில் சேர்க்க வேண்டும். அவள் அப்பாவை அழைத்துக்கொண்டு நீங்களே போங்கள். தலைமையாசிரியரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். அவருக்கும் சட்டம் தெரியும், கூட ஒருவர் வந்திருக்கிறார் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். தம்பியை அங்கன்வாடியில் சேர்த்துவிட்டு, பெயரை எந்த எழுத்தில் எழுதுகிறார்கள் என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.